விளம்பர இடைவேளையில் நடந்தது

‘கடைசித் தாழ்ப்பாள்’ தொடரின் முடிவு உங்களில் யாருக்காவது தெரிந்திருந்தால் தயவுசெய்து அதை உங்களோடே வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் மேலக்கானூருக்கு வந்தால் மோர் தருவோம், நேரமிருந்தால் சாப்பாடும் போடுவோம், ஆனால் அந்தப் பேச்சை எடுத்தீர்கள் என்றால் பீடி சுற்றுகிற பொம்பளைகள் அத்தனை பேரும் சேர்ந்து உங்களை அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்போம், ஏனென்றால் ஒருத்தியின் உயிர் அதில் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிட்டேன். பிறகு வடிவு வாய்க்காரி என்று யாரும் குறை பேசக் கூடாது.

என் முழுப்பெயர் சண்முகவடிவு. எங்கள் தெருவிலேயே பெரிய டி.வி. என் வீட்டு முன்னறையில்தான் இருக்கிறது, அதனால் முன்னறையில் என் சொல்தான் செல்லும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணி ஆனால் மடியில் தட்டும், தட்டில் இலையும் தூளும் நூலுமாக ஆயிஷாக்காவும் குருவம்மாளும் எஸ்தரும் பூங்கனியும் வந்து சுவரோரம் உட்கார்ந்துவிடுவார்கள். கை தன்பாட்டுக்கு இலையைச் சுருட்டும், தூளை அடைக்கும், நூலைச் சுற்றும், கண் மட்டும் டி.வி.யை விட்டு அசையாது. பீடி சுற்றுகிறவளுக்குக் கையைப் பார்க்க வேண்டியதே இல்லை. கண்ணும் வாயும் சும்மா இருக்கிறதே, அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்ய, கொலைகாரனைத்தான் தேட வேண்டும்.

கதை இதுதான். மலையில் எஸ்டேட் வைத்திருந்த தயாளமூர்த்தி என்கிற பெரிய மனுஷர் தன் மாடியறையில், உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டபடி, பாதி குடித்த பாலோடு செத்துக் கிடந்தார், பாலில் விஷம். அவருடைய தம்பி கருணாகரன்தான் கொன்றவன் என்று ஆயிஷாக்கா முதல் மாதமே முடிவு கட்டிவிட்டாள், அண்ணன் செத்த வீட்டில் எவனாவது இத்தனை சட்டை மாற்றுவானா என்பது அவள் கட்சி. குருவம்மாளுக்குக் குடும்ப டாக்டர் மேல் கண். எந்த ஊரில் டாக்டர் கூப்பிடாமலே வந்து நிற்கிறார் என்று கேட்பாள். எஸ்தர் தோட்டக்காரக் கிழவரைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை மாதத்தில் ஒரு வார்த்தை பேசாத ஆளுக்குச் சம்பளம் கொடுத்துச் சும்மாவா நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்பாள். நான் முதல் வாரமே சொல்லிவிட்டேன், இரண்டாம் பெண்டாட்டி நிரஞ்சனாதான் என்று. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு பால் தம்ளரோடு மாடி ஏறுகிறவளை நான் ஒருநாளும் நம்ப மாட்டேன். என் கணிப்பு இதுவரை தப்பியதும் இல்லை, யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பூங்கனி மட்டும் யார் பெயரையும் சொல்ல மாட்டாள். தெரியாமல் எப்படிச் சொல்ல என்பாள், அடுத்த இலையை எடுப்பாள்.

பூங்கனியைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவள் புருஷன் சுடலைமுத்து கொத்தனார். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலம் ஊர்க் கிணற்றில் மிதந்தான். போலீஸ் வந்தது, பார்த்தது, தவறி விழுந்திருக்கிறான் என்று சொல்லிவிட்டுப் போனது. ஆனால் அவனைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் கிடத்தியபோது பூங்கனி அழவில்லை, சுவரில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். புருஷன் செத்து அழாதவளை ஊர் என்ன நினைக்கும்? யாரும் அவளோடு சண்டைக்குப் போகவில்லை, ஒதுக்கி வைக்கவும் இல்லை, நல்லது கெட்டதுக்குச் சொல்லி அனுப்பினோம், பக்கத்தில் உட்கார்ந்து பீடி சுற்றினோம். அவள் கையால் மட்டும் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டோம். அவளும் யாருக்கும் நீட்டியதில்லை.

கடைசிக்கு முந்தைய வாரம் வந்தது. இன்ஸ்பெக்டர் எல்லாரையும் பெரிய ஹாலில் வரிசையாக நிறுத்தி, இந்த அறைக்குள்தான் கொலையாளி இருக்கிறார் என்று சொல்லி, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்து, சட்டென்று நின்று, கையை உயர்த்தி விரலை நீட்டினார். விரல் யார் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பதற்குள் படம் அப்படியே உறைந்துபோனது. நாங்கள் அடித்துக்கொண்டோம். விரல் இடது பக்கம்தான் சாய்ந்தது, அங்கே தம்பி நிற்கிறான் என்றாள் ஆயிஷாக்கா. நமக்கு இடதா அவருக்கு இடதா என்றாள் எஸ்தர். குருவம்மாள் எழுந்து நின்று விரலை நீட்டிக் காட்டி, அதில் தட்டு கவிழ்ந்து தூளெல்லாம் கொட்டியது. அந்தச் சண்டையில் ஒன்றை யாரும் கவனிக்கவில்லை. உறைந்து நின்ற அந்த வரிசையில் தம்பி இருந்தான், டாக்டர் இருந்தார், தோட்டக்காரர் இருந்தார், நிரஞ்சனா நின்ற இடத்தில் மட்டும் சுவர் தெரிந்தது.

மறுநாள் காலை பால்காரர் போன பிறகு வாசலில் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது, போய்ப் பார்த்தால் அவள்தான், அதே பச்சைப் பட்டு, அதே கல் அட்டிகை, ஒரு முடி கலையாத கொண்டை. கொலைகாரியோ இல்லையோ, வாசலில் நிற்கிற பெண்ணை வெயிலில் விட முடியுமா, உள்ளே வாம்மா என்றேன். தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று அவள் சட்டென்று திரும்பினாள்; ஒரு தடவை திரும்பிய தலை மறுபடியும் திரும்பியது, மறுபடியும் ஒரு தடவை திரும்பியது, மூன்று தடவையும் எங்கிருந்தோ டம் டம் டம் என்று மேளம் அடித்தது, பக்கத்து வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. மெதுவாகத் திரும்பு தாயி, ஆட்டுக்காரி சண்டைக்கு வருவாள் என்று சொல்லி, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன்.

ஏன் வந்தாய் என்றதற்கு, விரல் என் பக்கம் வருகிற மாதிரி இருந்தது, நிற்கப் பயமாக இருந்தது என்றாள். இத்தனை ஊர் இருக்க இங்கே ஏன் என்றதற்கு, எல்லா வீட்டுச் சத்தமும் டி.வி.க்கு உள்ளே கேட்குமாம், இந்த வீட்டில்தான் அவள் பெயர் அதிகமாகக் கேட்டதாம். என்னென்ன அடைமொழியோடு அந்தப் பெயரைச் சொல்லியிருந்தேன் என்பது அவளுக்கும் கேட்டிருக்கும். அதை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

சோறு வைத்தேன். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் அப்பளமும். இரண்டு வாய் சாப்பிட்டாள், டக்கென்று எழுந்துவிட்டாள். என்ன ஆயிற்று, உறைப்பா என்றேன். இல்லை, எப்போதும் இந்த இடத்தில் யாராவது கத்துவார்கள், நான் கையை உதறிவிட்டு எழுந்துவிடுவேன் என்றாள். பாவம், அத்தனை பெரிய பங்களாவில் அவள் ஒரு வேளையும் சாப்பிட்டு முடித்ததில்லை. இங்கே யாரும் கத்த மாட்டார்கள், உட்கார் என்றேன், நான்தான் கொஞ்சம் கத்தினேன். அன்றைக்கு அவள் மூன்று தரம் குழம்பு ஊற்றிக்கொண்டு, மோருக்கும் சோறு வாங்கி, தட்டை வழித்துச் சாப்பிட்டாள். காப்பிதான் அவளுக்குப் பிடிபடவில்லை. வெறும் தம்ளரைக் குடித்தே பழகியவள், உள்ளே காப்பி இருப்பது தெரியாமல் வேகமாகச் சாய்த்து வாயைச் சுட்டுக்கொண்டாள்.

அதற்குள் செய்தி பரவிவிட்டது. குருவம்மாள் தட்டோடு உள்ளே நுழைந்தாள், நுழைந்ததும் சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை.

“ஏம்மா, நீதானா செஞ்ச?”

நிரஞ்சனா அவளைப் பார்த்தாள். “எனக்குத் தெரியலைங்க. பாலைக் கொண்டுபோனேன், கதவைத் திறந்தேன், அவர் திரும்பிப் பார்த்தார். விளம்பரம் வந்துடுச்சு. சோப்பு, சேமியா, அப்புறம் பெயிண்ட். திரும்பி வந்தா நான் படிக்கட்டுல நிக்கிறேன், கையில தம்ளர் இல்லை, உள்ளே அவர் செத்துக் கிடக்கார். நடுவுல நான் என்ன செஞ்சேன்னு எனக்கு யாரும் காட்டலை.”

“நல்லா யோசிச்சுப் பாரும்மா” என்றாள் பின்னாலேயே வந்த ஆயிஷாக்கா.

“எவ்வளவு யோசிச்சாலும் சோப்புதான் வருது” என்று சொல்லி நிரஞ்சனா அழுதாள். அப்போதும் மேளம் அடித்தது, கொஞ்சம் சோகமாக.

அவளுடைய பயம் எங்களுக்குப் புரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் கொலைகாரி என்று காட்டிவிட்டால் அவள் அதுதான். மாற்றிச் சொல்ல அவளுக்கு வேறு நினைவு எதுவும் கிடையாது, அதற்கு அப்புறம் ஒரு வாரமும் கிடையாது.

அந்த வாரம் முழுக்க என் வீடு கல்யாண வீடு மாதிரிதான் இருந்தது. ஊர் ஊராகவா இருந்தது! கிராம நிர்வாக அலுவலர் வந்து, விதவை உதவித்தொகைக்கு எழுதித் தரலாம், ஆனால் இறப்புச் சான்றிதழ் வேண்டுமே, எஸ்டேட் எந்தத் தாலுகா என்று கேட்டார். சப்-இன்ஸ்பெக்டர் உடுப்போடு வந்து, சம்பவம் நடந்த இடம் என் சரகத்தில் இல்லை, அதனால் பயப்படாதே, ஒரு ரசிகனாகக் கேட்கிறேன், டாக்டர்தானே என்று ரகசியமாகக் கேட்டுவிட்டுப் போனார். டீக்கடை ஆண்கள் செத்தவனே விஷத்தைக் குடித்துவிட்டு எல்லாரையும் மாட்டிவிட்டான் என்று ஒரு கட்சி வைத்திருந்தார்கள், அதை அவளிடம் ஒப்புவிக்க வரிசையில் நின்றார்கள். எல்லாரும் கடைசியில் கேட்டது ஒன்றுதான், நீயா செய்தாய் என்று. அவளும் சளைக்காமல் சோப்பு, சேமியா, பெயிண்ட் என்று சொன்னாள். நேருக்கு நேர் கேட்பதில் எங்கள் ஊரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

எங்களோடு உட்கார்ந்தால் மடியில் தட்டு இருக்க வேண்டும், அது எங்கள் வழக்கம். அவளுக்கும் ஒன்று கொடுத்தோம். அவள் சுற்றிய பீடி ஊமத்தம்பூ மாதிரி விரிந்து நின்றது, பீடிக்கடைக்காரர் அதைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். ஒருநாள் மதியம் பூங்கனி தன் தூக்குவாளியைத் திறந்து ஒதுக்குப்புறமாகச் சாப்பிட உட்கார்ந்தாள், நிரஞ்சனா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன அக்கா, கருவாட்டுக் குழம்பா என்று சோற்றை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். எங்கள் கையெல்லாம் அப்படியே நின்றுவிட்டது. ஆயிஷாக்கா கண்ணைக் காட்டினாள், எஸ்தர் இருமினாள், நிரஞ்சனா என்ன என்று மூன்று தடவை திரும்பிப் பார்த்தாள். யாரால் வாயைத் திறந்து சொல்ல முடியும்? பூங்கனி தலையைக் குனிந்துகொண்டு, கருவாட்டுத் துண்டை எடுத்து அவள் பக்கம் தள்ளி வைத்தாள். பிற்பாடு குருவம்மாள் நிரஞ்சனாவைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய் சுடலைமுத்து விஷயத்தைக் காதில் போட்டாள். நிரஞ்சனா கேட்டுக்கொண்டாள், மறுநாளும் பூங்கனியின் வாளியிலேயே போய்ச் சாப்பிட்டாள்.

யோசனை சொன்னது ஆயிஷாக்காதான். டி.வி.க்காரர்கள் ஒரு எண்ணைக் கொடுத்து, கொலையாளி யார் என்று நினைக்கிறீர்கள், உங்கள் கணிப்பை அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எந்தத் தொடரிலாவது ஜனங்கள் நினைத்தவன் கொலைகாரனாக இருந்திருக்கிறானா என்று கேட்டாள் ஆயிஷாக்கா. நாம் எவனைச் சொல்கிறோமோ அவனை விட்டுவிட்டு வேறொருத்தனைக் காட்டினால்தானே அவர்களுக்குப் பிழைப்பு? அப்படியென்றால் இவளைக் காப்பாற்ற ஒரே வழி, இவள்தான் செய்தாள் என்று எல்லாரும் ஒரே குரலாகச் சொல்வது. கேட்டதும் எங்களுக்குப் புல்லரித்துப்போனது.

பிறகு ஊர் கிளம்பியதைப் பார்த்திருக்க வேண்டும். ஆட்டோவில் மைக் கட்டி, பஞ்சாயத்துத் தலைவரே முன்னால் உட்கார்ந்து, ‘அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே, நம் நிரஞ்சனாதான் கொலைகாரி, சிந்தாமல் சிதறாமல் அவருக்கே அனுப்புங்கள்’ என்று தெருத்தெருவாகப் போனார். பேருந்து நிறுத்தத்தில் பிளெக்ஸ் வைத்தார்கள், பச்சைப் பட்டில் அவள் கும்பிடுகிற படம், சுற்றிலும் ஊர் இளைஞர்கள் முகம் வட்டம் வட்டமாக, மேலே ‘எங்கள் ஊரின் செல்லமகள் நிரஞ்சனாவே கொலைகாரி’, கீழே ‘இவண் மேலக்கானூர் பொதுமக்கள்’. பக்கத்து ஊர்களில் கட்டிக்கொடுத்த பெண்களுக்கெல்லாம் போன் போட்டோம், கண்டக்டர்கள் டிக்கெட்டோடு சேர்த்துச் சொன்னார்கள், பள்ளிவாசல் தெருவும் சர்ச் தெருவும் கோயில் தெருவும் போட்டி போட்டுக்கொண்டு அவளைக் கொலைகாரி என்றன. அவளும் ஆட்டோவில் உட்கார்ந்து வெட்கத்தோடு கையசைத்தாள், வீட்டுக்கு வீடு வடையும் அதிரசமும் கொடுத்து, நீ கவலைப்படாதே, நீதான் செய்தாய் என்று கன்னத்தைத் தடவினார்கள். ராத்திரி என்னிடம், நானும் ஒன்று அனுப்பட்டுமா அக்கா என்று கேட்டாள். என் போனை வாங்கித் தன் பெயரைத் தானே அனுப்பினாள்.

பூங்கனி மட்டும் அனுப்பவில்லை. ஒரு பெண்ணைக் காப்பாற்றக்கூட உன் விரல் அசையாதா என்று நான் சத்தம் போட்டேன். “தெரியாததை எப்படி மைனி சொல்லுவேன்” என்றாள், அவ்வளவுதான். கல்நெஞ்சக்காரி என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

சனிக்கிழமை மத்தியானம் டி.வி.யில் முன்னோட்டம் வந்தது. ‘நீங்கள் சொன்னீர்கள், நாங்கள் கேட்டோம். எந்தத் தொடருக்கும் இப்படி ஒரே பெயர் வந்து குவிந்ததில்லை. நாளை, உங்கள் தீர்ப்பே எங்கள் முடிவு’ என்று கனத்த குரலில் ஒருவன் சொன்னான். பின்னால் ஒரு பச்சைச் சேலை மாடிப்படி ஏறியது, முகம் காட்டவில்லை.

ஆட்டோ தெருமுனையில் இன்னும் கத்திக்கொண்டிருந்தது, எஸ்தர் ஓடிப்போய் அதை நிறுத்தினாள். குருவம்மாள் ஆயிஷாக்காவைப் பிடித்துக்கொண்டாள், உன் புத்தியைக் கொண்டு உடைப்பில் போடு என்றாள். ஆயிஷாக்கா, நீயும்தானே உன் மகள் மாமியார் வரைக்கும் அனுப்பச் சொன்னாய் என்றாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன், முதல் வாரமே சொன்னவள் நான் அல்லவா. அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

நிரஞ்சனா தன் சேலைத் தலைப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தலைப்பில் ஒரு முடிச்சு, முடிச்சுக்குள் சின்ன நீல பாட்டில். இது காலையில் இல்லை என்றாள். நான் அதைப் பிடுங்கிக்கொண்டுபோய் வாய்க்காலில் எறிந்துவிட்டு வந்தேன். வீட்டுப்படி ஏறும்போதே தெரிந்தது, அவள் முடிச்சில் பாட்டில் மறுபடியும் கனமாகத் தொங்கியது. ஊரே சேர்ந்து அவளைக் கொலைகாரி ஆக்கிவிட்டோம், அதுவும் அவள் மேல் ஆசை வைத்து.

அப்போது பூங்கனி பேசினாள். தட்டை மடியிலிருந்து இறக்காமலேதான் பேசினாள்.

“நாளைக்கு நாம பாக்காம இருந்தா என்ன?”

“நாம பாக்காட்டா? உலகமே பாக்குமேட்டி” என்றேன்.

“பாக்கட்டும் மைனி. அவ உலகத்து வீட்டுக்கா வந்தா? நம்ம வீட்டுக்குத்தான வந்திருக்கா. நாம பாக்காத வரைக்கும் இங்க அது முடியல.”

சொல்வது சுலபம். மாதக்கணக்காக ஒரு முடிவுக்காகக் காத்திருந்துவிட்டு, வாசல் வரைக்கும் வந்ததைப் பார்க்காமல் விடுவது என்றால், பசியோடு இருக்கிறவன் இலையைச் சுருட்டி வைக்கிற மாதிரிதான். டீக்கடை ஆண்கள்தான் ஒரேயடியாக மறுத்தார்கள். தங்கள் கட்சி சரியா என்று தெரியாமல் எப்படித் தூங்குவது என்றார்கள், தலைவர் வேண்டுமானால் சத்தத்தை மட்டும் அணைத்துவிட்டுப் பார்க்கலாம் என்று சமரசம் பேசினார். நிரஞ்சனாவே டீக்கடைக்குப் போனாள். பாய்லர் பக்கத்தில் நின்று, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

“உங்களுக்கு அது ஒரு மணி நேரம். எனக்கு அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்லை.”

கேபிள்காரப் பையன் ஸ்டீபன் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய்த் தன் கையாலேயே ஊர் இணைப்பைப் பிடுங்கினான். செல்போன்களை வாங்கித் தலைவர் ஒரு சாக்கில் கட்டி, பஞ்சாயத்து ஆபீஸில் வைத்துப் பூட்டினார். அவர் போனை மட்டும் அவர் மனைவி வந்து இடுப்பிலிருந்து உருவிப் போட வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு வழக்கம்போல எல்லாரும் என் முன்னறைக்கு வந்தார்கள், அவரவர் சுவரோரம் உட்கார்ந்தார்கள், மடியில் தட்டு. டி.வி. மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடியிருந்தேன். நடுத்தரையில் நிரஞ்சனா, முடிச்சு மடியில். தெருவெல்லாம் ஆண்கள் வேலையில்லாமல் நின்றார்கள். கை தன்பாட்டுக்கு இலையைச் சுருட்டியது, தூளை அடைத்தது, நூலைச் சுற்றியது. கண்ணுக்குத்தான் போக்கிடம் இல்லை. பார்க்க ஒன்றும் இல்லாததால் நாங்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தோம், இத்தனை வருஷத்தில் அப்படி உட்கார்ந்ததே கிடையாது. எஸ்தருக்குக் கண்ணுக்குக் கீழே ஒரு தழும்பு இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

நிரஞ்சனா பூங்கனியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் பார்த்தாள். அந்த ஒரு வாரமாக ஊரே அவளிடம் கேட்ட கேள்வி, அதைக் கேட்பதில் தப்பு எதுவும் இருப்பதாக அவளுக்கு எப்படித் தோன்றும்?

“பூங்கனியக்கா, நீங்க செஞ்சீங்களா?”

அறையில் எல்லார் கையும் நின்றது. பூங்கனி கை மட்டும் நிற்கவில்லை. சுற்றிக்கொண்டிருந்த நூலைச் சுற்றி முடித்து, அறுத்து, பீடியைத் தட்டில் வைத்தாள்.

“இல்ல” என்றாள்.

குருவம்மாளால்தான் தாங்க முடியவில்லை, அப்படியென்றால் ஏன் அழவில்லை என்று கேட்டாள்.

“காய்ச்சல் மைனி” என்றாள் பூங்கனி. “எந்திரிக்க முடியாமக் கெடந்தேன். விடியமுன்ன நாக்கு வறண்டு தண்ணி கேட்டேன். பானையில இல்ல. அவிய வாளியத் தூக்கிட்டுப் போனாவ. பெறவு நீங்க எல்லாரும் தூக்கிக் கொண்டாந்து போட்டிய. அழணும்னுதான் இருந்துச்சு. தொண்டையில ஒண்ணும் வரல. சுவத்தப் பிடிச்சுட்டு நின்னதே பெருசு.”

அவள் நெற்றியைக்கூட அன்றைக்கு யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

“ஏன்ட்டி இத எங்ககிட்டச் சொல்லல?” என்றேன்.

“யாரு மைனி கேட்டா?”

சொல்லிவிட்டு அடுத்த இலையை எடுத்தாள். இலை விழுந்தது, திரும்ப எடுத்தாள், திரும்பவும் விழுந்தது. அப்புறம் அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அன்றைக்கு வராத சத்தம், அத்தனை வருஷமும் தொண்டையிலேயே கிடந்தது. நாங்கள் தட்டுகளைத் தள்ளிவிட்டு நகர்ந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தோம், இழவு வீட்டில் உட்காருகிற மாதிரி, ஒருத்தி தோளில் ஒருத்தி கையைப் போட்டு, ஆயிஷாக்கா அவள் தலையைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டாள், நான் சுடலைமுத்து பெயரைச் சொல்லி ஒப்பாரி எடுத்தேன். நிரஞ்சனாவும் எங்களோடு தோள் கோத்து அழுதாள், மூக்கு ஒழுக, மை கரைந்து கன்னமெல்லாம் கறுப்பாக, எந்த மேளமும் இல்லாமல்; அவள் சேலைத் தலைப்பு என் முழங்காலில் கிடந்தது, முடிச்சு எப்போது அவிழ்ந்தது, பாட்டில் எங்கே போனது என்று எனக்குத் தெரியாது.

அழுகைச் சத்தம் தெருவுக்குக் கேட்டுவிட்டது. மணி ஏழு தாண்டியிருந்தது. நிரஞ்சனா கதை முடிந்துவிட்டது என்று நினைத்து, தலைவரும் ஸ்டீபனும் டீக்கடைக் கூட்டமும் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் வீட்டு வாசலுக்கு ஓடிவந்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தார்கள். நிரஞ்சனா உயிரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் ஒன்றும் புரியாமல் நின்றார்கள். தலைவர்தான் மெதுவாகக் கேட்டார்.

“யாரு வடிவு செத்துட்டா?”

“சுடலைமுத்து” என்றேன். “உள்ள வாங்க.”